காசநோயும் ஒட்சிசன் நெருப்பும்

கடந்த வருடம் எமது கல்லூரி ஆய்வுகூடத்தில் நொதியங்கள் பற்றிய செய்முறை ஒன்றைச் செய்தோம். சோதனைக் குழாயில் ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசலை எடுத்து, அதில் பச்சை உருளைக்கிழங்குத் துண்டொன்றைப் போட்டோம். மறுகணமே நுரை பொங்கிக் குழாயின் வாய்வரை ஏறியது. தணல் உள்ள குச்சியைப் பிடித்தபோது அது மீண்டும் பற்றி எரிந்தது. வெளிவந்த வாயு ஒட்சிசன் என்றும், அதை வெளியேற்றியது உருளைக்கிழங்கின் கலங்களில் உள்ள கற்றலேசு என்ற நொதியம் என்றும் ஆசிரியை விளக்கினார். கொப்பியில் படத்தை வரைந்து, பெயர் குறித்து, மூடி வைத்துவிட்டேன்.

அதே மாதத்தில் என் உம்மாவின் மூத்த சகோதரருக்குக் காசநோய் என்று உறுதியானது. இரண்டு மாதங்களுக்கு மேலாக இருமல். பின்னேரமானால் காய்ச்சல். சட்டை தொளதொளவென்று ஆகும் அளவுக்கு மெலிந்திருந்தார். பாணி மருந்துகள் பல குடித்த பிறகுதான் சளிப் பரிசோதனை செய்யப்பட்டது. மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் நான்கு மருந்துகளை ஆரம்பித்தார்கள். வீட்டிலோ யாரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. மாமாவின் மகளுக்குக் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம் அது. "நெஞ்சுச் சளி" என்றே எல்லோரிடமும் சொன்னார்கள்.

உறவினர் ஒருவர் பல ஆயிரம் ரூபா கொடுத்து ஒரு போத்தலை வாங்கி வந்தார். மாமா அதை என்னிடம் நீட்டினார்.

"மகள், நீங்க பயோ படிக்கிறதானே. இதுல அன்டிஒக்சிடன்ட் எண்டு போட்டிருக்கு. சுவாசப்பைக்கு நல்லதாம். இது நல்லதெண்டா அந்தக் குளிசையெல்லாம் என்னத்துக்கு? அதக் குடிச்சா வயித்தப் பிரட்டுது."

எனக்குப் பதில் தெரியவில்லை. உயிரியல் பிரிவில் படிக்கும் பிள்ளைக்கு அது வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்விக்காக நூலகத்திலும், என் ஆசிரியையிடமும், சிகிச்சை நிலைய வைத்தியரிடமும் தேடிக் கற்றவற்றையே இங்கு எழுதுகிறேன். தேடத் தொடங்கியபோது ஒன்று என்னை வியக்க வைத்தது. அன்று நுரை பொங்க வைத்த அதே வேலையைச் செய்யும் நொதியம் ஒன்று மாமாவின் நோய்க்கிருமியிலும் இருக்கிறது. அவர் வெறுத்த குளிசை வேலை செய்வதற்கும் அந்த நொதியமே காரணம்.

ஒட்சியேற்றத் தகைப்பு என்றால் என்ன?

வெட்டிய கத்தரிக்காய் கறுப்பதையும், இரும்பு துருப்பிடிப்பதையும், நாட்பட்ட தேங்காயெண்ணெயில் சிக்கு நாற்றம் வீசுவதையும் நாம் கண்டிருக்கிறோம். இவை யாவும் ஒட்சிசனின் வேலை. நம்மை வாழவைக்கும் ஒட்சிசனே பொருட்களைப் பழுதாக்கவும் செய்கிறது.

எமது கலங்களில் உள்ள இழைமணிகள் உணவிலிருந்து சக்தியைப் பெறும்போது ஒட்சிசன் நான்கு இலத்திரன்களை ஏற்று நீராக மாறுகிறது. ஆனால், சில ஒட்சிசன் மூலக்கூறுகள் ஓர் இலத்திரனை மட்டும் பெற்று இடைவழியில் நழுவிவிடுகின்றன. அவ்வாறு உருவாவது சுப்பரொட்சைட்டு. சோடி சேராத இலத்திரனைக் கொண்ட இத்தகையவற்றையே சுயாதீன மூலிகங்கள் என்கிறோம். சுப்பரொட்சைட்டிலிருந்து ஐதரசன் பரவொட்சைட்டு உருவாகும். இது மூலிகம் அன்று. ஆயினும் அருகில் பெரசு இரும்பு அயன் இருந்தால், அதனுடன் தாக்கமுற்று ஐதரொட்சில் மூலிகத்தைத் தோற்றுவிக்கும். இம்மூவரில் மிகக் கொடியது இதுதான். தான் தோன்றிய இடத்தில் அகப்படும் எதையும், அது புரதமாயினும் மென்சவ்வாயினும் டீ.என்.ஏ. ஆயினும், தாக்காமல் விடாது.

இவற்றை அடக்குவதற்கு உடலில் காவல் ஏற்பாடுகள் உண்டு. சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேசு என்ற நொதியம் சுப்பரொட்சைட்டை ஐதரசன் பரவொட்சைட்டாக மாற்றும். இந்நொதியத்தின் தொழிலை 1969இல் மெக்கோர்ட், பிரிடோவிச் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அடுத்ததாகக் கற்றலேசு, ஐதரசன் பரவொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கும். செலேனியத்தைக் கொண்ட குளுற்றாதையோன் பரவொட்சிடேசும் அதே பரவொட்சைட்டை அகற்றும். நொதியங்களுக்குத் துணையாகக் குளுற்றாதையோன், விற்றமின் சீ, விற்றமின் ஈ போன்ற சிறு மூலக்கூறுகள் தம் இலத்திரனைக் கொடுத்து மூலிகங்களைத் தணிக்கின்றன. இவை அனைத்தையும் சேர்த்தே ஒட்சியேற்ற எதிரிகள் என்கிறோம்.

மூலிகங்கள் உருவாகும் வேகம், அவற்றை அடக்கும் ஆற்றலை விஞ்சும்போது ஏற்படும் நிலையே ஒட்சியேற்றத் தகைப்பு. அடுப்பில் நெருப்பு இருப்பது குற்றமல்ல. அது அடுப்பை விட்டுக் கூரைக்குத் தாவுவதுதான் ஆபத்து. காசநோயில் நடப்பதை விளங்கிக்கொள்ள இந்த உவமை எனக்குப் பெரிதும் உதவியது.

சுவாசப்பையினுள் மூட்டப்படும் நெருப்பு

காசநோய்க் கிருமியைத் தான் கண்டறிந்ததாக ரொபேர்ட் கொக் 1882 மார்ச் 24ஆம் திகதி பேர்லின் நகரில் அறிவித்தார். அதனாலேயே மார்ச் 24 உலக காசநோய் தினமாக அனுட்டிக்கப்படுகிறது. நோயாளி இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் கலக்கும் மிகச் சிறிய துளிகள் வழியாக இக்கிருமி மற்றவரின் சுவாசப்பைச் சிற்றறைகளை அடைகிறது. அங்கே காவல் இருப்பவை மக்ரோபேஜ் எனப்படும் பெரிய தின்குழியங்கள். அவை கிருமியை விழுங்கி, உள்ளே ஒரு சிறு பையில் அடைத்துவிடுகின்றன.

அடைத்த பின் நடப்பதுதான் விந்தை. அந்தப் பையின் மென்சவ்வில் உள்ள ஒரு நொதியத் தொகுதி, ஒட்சிசனுக்கு வேண்டுமென்றே ஓர் இலத்திரனைக் கொடுத்துச் சுப்பரொட்சைட்டைப் பையினுள் கொட்டுகிறது. அப்போது அக்குழியம் எடுக்கும் ஒட்சிசனின் அளவு திடீரெனப் பன்மடங்காகிறது. இழைமணியில் தவறுதலாக நழுவி உருவாகும் அதே பொருளை, இங்கு உடல் தெரிந்தே ஆயுதமாக உற்பத்தி செய்கிறது. அதாவது, மூலிகங்கள் யாவும் எதிரிகள் அல்ல. கிருமியை எரிப்பதற்கு அவை வேண்டும்.

இதற்குச் சான்று இருக்கிறது. மிக அரிதாகச் சில பிள்ளைகள் இந்த நொதியத் தொகுதியில் குறைபாட்டுடன் பிறக்கிறார்கள். அவர்களது தின்குழியங்கள் கிருமிகளை விழுங்கும்; ஆனால் எரிக்க முடியாது. அவர்களுக்குத் தொற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. காசநோய் மிகுந்த நாடுகளில் இப்பிள்ளைகளிடம் காசநோயும், பீ.சீ.ஜீ. தடுப்பூசியால் வரும் சிக்கல்களும் ஏனையோரை விட அதிகமாகக் காணப்படுகின்றன.

நெருப்பு மட்டும் போதாது; ரீ குழியங்களின் உதவியும் வேண்டும். அவையும் தின்குழியங்களும் சூழ்ந்து நின்று கிருமிகளைச் சிறு முடிச்சு ஒன்றினுள் சிறைவைக்கின்றன. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினருக்கு இக்கிருமி தொற்றியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. ஆனால், அவர்களுள் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வெளிப்படுகிறது. ஏனையோரில் சிறை உடைவதில்லை. போசணைக் குறைபாடு, நீரிழிவு, புகைத்தல், எச்.ஐ.வீ. தொற்று ஆகியன இந்தச் சிறையைப் பலவீனமாக்குகின்றன.

கிருமியின் கேடயங்கள்

இவ்வளவு நெருப்பினுள்ளும் காசநோய்க் கிருமி எவ்வாறு உயிர் வாழ்கிறது? மைக்கோலிக் அமிலங்களால் ஆன தடித்த மெழுகுபோன்ற சுவர் அதற்குப் போர்வையாக இருக்கிறது. அதற்குள்ளே அதுவும் நம்மைப் போலவே ஒட்சியேற்ற எதிரிகளை வைத்திருக்கிறது. அதனிடமும் சுப்பரொட்சைட்டு டிஸ்மியூட்டேசுகள் உண்டு. நம்மிடம் குளுற்றாதையோன் இருப்பதுபோல அதனிடம் மைக்கோதையோல் என்ற பொருள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கற்ஜீ எனப்படும் நொதியம் உண்டு. இது கற்றலேசாகவும் பரவொட்சிடேசாகவும் ஒருங்கே தொழிற்படும். தின்குழியம் ஐதரசன் பரவொட்சைட்டைக் கொட்டக் கொட்ட, கற்ஜீ அதை நீராக்கிக்கொண்டிருக்கும்.

இதைப் படித்தபோதுதான் எனக்கு உருளைக்கிழங்கு நினைவுக்கு வந்தது. வளர்ப்பூடகத்தில் உள்ள காசநோய்க் கிருமிகள் மீது ஐதரசன் பரவொட்சைட்டை இட்டாலும் குமிழிகள் எழும். ஒரு காலத்தில் கிருமிகளை வேறுபடுத்தி அறிவதற்கு இச்சோதனை ஆய்வுகூடங்களில் பயன்பட்டது.

ஆகவே, "ஒட்சியேற்ற எதிரி நல்லது" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. யாருடைய ஒட்சியேற்ற எதிரி, எந்த இடத்தில் என்று கேட்க வேண்டியிருக்கிறது. நம் கலத்தைக் காப்பதும் அதுதான். கிருமியைக் காப்பதும் அதுதான்.

கேடயமே வாசலான கதை

மாமா வெறுத்த மருந்துகளில் ஒன்று ஐசோனியசிட். இதை 1912இல் பிராக் நகரில் இரு இரசாயனவியலாளர்கள் முதன்முதலில் தொகுத்தனர். அது காசநோயைக் கொல்லும் என்பது ஏறத்தாழ நாற்பது வருடங்களாக யாருக்கும் தெரியவில்லை. 1952இல்தான் அது காசநோய் மருந்தாக அறிமுகமானது.

சில நோயாளிகளில் அம்மருந்து விரைவிலேயே பயனற்றுப்போனது. 1954இல் மிடில்புரூக் என்ற ஆய்வாளர் விசித்திரமான ஒரு விடயத்தைக் கவனித்தார். ஐசோனியசிட்டுக்கு மசியாத கிருமிகள் பலவற்றில் கற்றலேசுத் தொழிற்பாடு இல்லாதிருந்தது. கேடயத்தை இழந்த கிருமி ஏன் மருந்துக்குப் பலமானதாக மாற வேண்டும்? இதற்கான விளக்கம் 1992இல் வெளிவந்தது. யிங் சாங், ஸ்டூவர்ட் கோல் முதலிய ஆய்வாளர்கள் கற்ஜீ பரம்பரையலகைப் பிரித்தெடுத்து, ஐசோனியசிட் வேலை செய்வதற்கு அந்தப் பரம்பரையலகு தேவை என்று காட்டினார்கள்.

விளக்கம் இதுதான். குளிசையாக நாம் விழுங்கும் ஐசோனியசிட், அந்த வடிவத்தில் கிருமியைக் கொல்வதில்லை. அது கிருமியினுள் சென்றதும் கற்ஜீ நொதியம் அதையும் ஒட்சியேற்றுகிறது. அப்போது ஐசோனியசிட்டே தாக்குதிறன் மிக்க ஒரு மூலிகமாக மாறி, கிருமியிலுள்ள ஒரு துணைநொதியத்துடன் இணைகிறது. அந்த இணைப்பு, மைக்கோலிக் அமிலத்தை ஆக்கும் நொதியத்தை முடக்கிவிடுகிறது. மெழுகுச் சுவரைக் கட்ட முடியாமல் கிருமி இறக்கிறது. நெருப்பைத் தடுக்க வைத்திருந்த கேடயமே நஞ்சுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது.

கிருமிக்கு இது ஒரு சிக்கல். கற்ஜீயை முற்றாக இழந்தால் ஐசோனியசிட்டிலிருந்து தப்பலாம்; ஆனால் தின்குழியத்தின் நெருப்பில் எரிய நேரிடும். பெரும்பாலான எதிர்ப்புக் கிருமிகள் இதற்குக் கண்டுள்ள வழி மிகத் தந்திரமானது. கற்ஜீ நொதியத்தின் 315ஆம் இடத்தில் செரீன் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாகத் திரியோனீன் வந்துவிடுகிறது. இந்தச் சிறு மாற்றத்தால் ஐசோனியசிட்டை உயிர்ப்பிக்கும் ஆற்றல் பெரிதும் குறைகிறது. பரவொட்சைட்டை அகற்றும் ஆற்றலின் பெரும்பகுதியோ எஞ்சியிருக்கிறது. உலகெங்கும் ஐசோனியசிட் எதிர்ப்பைக் காட்டும் கிருமிகளில் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் இதுவே.

நான்கு மருந்துகள் ஏன்?

மாமாவின் கேள்விக்கு விடை இங்கேதான் இருந்தது. கிருமிகள் பெருகும்போது, ஐசோனியசிட்டுக்கு மசியாத ஒன்று ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்றாகத் தானாகவே தோன்றிவிடும். ரிபாம்பிசினுக்கு மசியாத ஒன்று ஏறத்தாழப் பத்துக் கோடியில் ஒன்றாகத் தோன்றும். சுவாசப்பையில் குழி விழுந்த ஒரு நோயாளியிடம் கோடிக்கணக்கான கிருமிகள் இருக்கலாம். ஐசோனியசிட்டை மட்டும் கொடுத்தால், அதற்கு மசியாத சில கிருமிகள் எஞ்சிப் பெருகிவிடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? ஒரே கிருமி இரண்டுக்கும் மசியாதிருக்கும் நிகழ்தகவைப் பெற, பத்து இலட்சத்தைப் பத்துக் கோடியால் பெருக்க வேண்டும். ஒன்றின் பின் பதினான்கு பூச்சியங்கள் இட்ட எண்ணிக்கையில் ஒன்றே அப்படியிருக்கும். எந்த நோயாளியின் சுவாசப்பையிலும் அத்தனை கிருமிகள் இருப்பதில்லை.

இதனால்தான் முதல் இரண்டு மாதங்களுக்கு ஐசோனியசிட், ரிபாம்பிசின், பைரசினமைட், எதம்பியூட்டோல் ஆகிய நான்கும், அடுத்த நான்கு மாதங்களுக்கு ஐசோனியசிட், ரிபாம்பிசின் ஆகிய இரண்டும் கொடுக்கப்படுகின்றன. வயிற்றைப் பிரட்டுகிறது என்று இடைக்கிடையே விடுவதும், பாதியில் நிறுத்துவதும் எதிர்ப்புக் கிருமிகளைத் தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

நோயாளியின் குருதி சொல்வது என்ன?

போத்தலின் பக்கமும் ஓர் உண்மை இருக்கத்தான் செய்கிறது. அதை மறைக்கக் கூடாது.

நெருப்பு நாட்கணக்கில் எரியும்போது அது கிருமியோடு நின்றுவிடுவதில்லை. தின்குழியங்கள் கொட்டும் மூலிகங்கள் அயலிலுள்ள நல்ல கலங்களின் மென்சவ்வுகளையும் தாக்குகின்றன. மென்சவ்வின் கொழுப்பமிலங்கள் ஒட்சியேறிச் சிதையும்போது மலோன்டையல்டிகைட்டு என்ற பொருள் உண்டாகிறது. தேங்காயெண்ணெய் சிக்கெடுப்பதும் இதே வகைத் தாக்கமே. பல நாடுகளில் காசநோயாளிகளின் குருதியைச் சோதித்த ஆய்வுகள், அவர்களிடம் மலோன்டையல்டிகைட்டு கூடியும், விற்றமின் சீ, விற்றமின் ஈ, குளுற்றாதையோன் ஆகியன குறைந்தும் இருப்பதைக் கண்டுள்ளன. சிகிச்சை முன்னேறும்போது இந்த நிலை படிப்படியாகச் சீரடைவதும் அவதானிக்கப்பட்டுள்ளது. நோய் குணமான பின்னரும் சிலருக்கு மூச்சு வாங்குவதற்கு, அழற்சியால் சுவாசப்பையில் எஞ்சிய தழும்புகள் காரணமாகின்றன.

ஆனால், இங்கே அவசரமாக முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்று என் ஆசிரியை எச்சரித்தார். விற்றமின் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் விற்றமின் குறைந்ததா? பசியின்மையால் உணவு குறைகிறது. நெருப்பை அணைப்பதில் இருப்பும் செலவாகிறது. வறுமையில் வாழ்பவருக்கு நோய் வருமுன்னரே இருப்பு குறைவாக இருந்திருக்கலாம். இரண்டு விடயங்கள் ஒன்றாகக் காணப்படுவதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது.

போத்தலா, சோறா, குளிசையா?

விற்றமின் சீ பற்றிய ஒரு செய்தி என்னைத் திகைக்க வைத்தது. 2013இல் நியூயோர்க்கில் உள்ள அல்பேர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், வளர்ப்பூடகத்திலிருந்த காசநோய்க் கிருமிகளை அதிக செறிவுடைய விற்றமின் சீ கொன்றதாக வெளியிட்டனர். அது கொன்ற முறையைப் பாருங்கள். விற்றமின் சீ பெரிக்கு இரும்பைப் பெரசு இரும்பாகத் தாழ்த்துகிறது. அந்த இரும்பு ஐதரொட்சில் மூலிகங்களைத் தோற்றுவிக்கிறது. அவை கிருமியை அழிக்கின்றன. ஒட்சியேற்ற எதிரி என்று பெயர்பெற்ற பொருள், அங்கே ஒட்சியேற்றத்தைத் தூண்டியே வென்றது! எனினும், சோதனைக் குழாயில் நடந்தது மனித உடலில் அப்படியே நடக்கும் என்பதற்கில்லை. காசநோயாளிகளுக்கு வழமையான தேவைக்கு மேலாக விற்றமின்களைக் கொடுத்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தவர்களாலும், அவற்றால் நோய் விரைவில் குணமாகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்றைக் காண முடியவில்லை.

உணவு பற்றி இரண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது நம் அயலில், சென்னையில் நடந்தது. 1956இல் அங்கு ஆரம்பித்த ஆய்வில் 193 நோயாளிகள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் சானடோரியத்தில் தங்கி நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மறு குழுவினர் தம் ஏழை வீடுகளிலேயே குறைந்த உணவுடன் வாழ்ந்தனர். இரு குழுக்களுக்கும் ஒரே மருந்துகள் ஒரு வருடத்துக்குக் கொடுக்கப்பட்டன. 1959இல் வெளியான முடிவு உலகின் சிகிச்சை முறையையே மாற்றியது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழச் சானடோரியத்தில் இருந்தோர் போலவே குணமடைந்திருந்தனர். மருந்து ஒழுங்காகச் சென்றால் குடிசையிலும் குணம் உண்டு என்று உலகம் அறிந்தது.

அப்படியானால் உணவு தேவையில்லையா? இரண்டாவது ஆய்வு இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடந்தது. 2,800 காசநோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொதி வழங்கப்பட்டது. அவர்களுடன் ஒரே வீட்டில் வாழ்ந்த 10,345 பேரில் ஒரு பகுதியினருக்கும் அரிசி, பருப்பு, நுண்போசணைக் குளிசை என்பன வழங்கப்பட்டன. 2023இல் வெளியான முடிவின்படி, அவ்வாறு உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாகக் காசநோய் ஏற்படுவது 39 வீதத்தால் குறைந்திருந்தது. முதல் இரண்டு மாதங்களில் நிறை கூடிய நோயாளிகளிடையே மரணமும் குறைவாக இருந்தது.

இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கிருமியைக் கொல்வது மருந்து. அந்த நாட்களில் உடலைத் தாங்கிப் பிடிப்பதும், வீட்டிலுள்ள மற்றவர்களின் சிறைச்சுவரைப் பலப்படுத்துவதும் உணவு. அந்த உணவு விலையுயர்ந்த போத்தலில் வர வேண்டியதில்லை. கொய்யாப்பழம், நெல்லிக்காய், முருங்கையிலை, வல்லாரை, பருப்பு, முட்டை, நெத்தலி என்று நம் சந்தையிலேயே கிடைக்கிறது. மாமாவுக்குச் சிகிச்சை நிலையத்தில் கொடுத்த ஒரே விற்றமின், பீ6 ஆகும். அதுவும் ஐசோனியசிட்டால் நரம்புகள் பாதிக்கப்படாமல் காப்பதற்கே என்று தாதி விளக்கினார். வேறு எந்தப் போத்தலைக் குடிப்பதாயினும் முதலில் அங்கு காட்ட வேண்டும் என்றும் சொன்னார். காசநோய் மருந்துகள் ஈரலைப் பாதிக்கக்கூடியன. கண் மஞ்சளானாலோ வாந்தி தொடர்ந்தாலோ உடனே அறிவிக்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

நோன்பும் மாமாவும்

இரண்டு மாதங்கள் கழிந்தன. மாமாவின் காய்ச்சல் நின்றது. இருமல் மறைந்தது. கன்னம் சற்றுப் பூரித்தது. அப்போது ரமழான் வந்தது. "இப்ப சுகம்தானே. நோன்பு முடியும் வரைக்கும் குளிசைய விடுவம்" என்றார் மாமா. அவர் வாழ்நாளில் நோன்பு விட்டவர் அல்லர்.

அன்று நான் என் கொப்பியை எடுத்துச் சென்று அவர் அருகில் அமர்ந்தேன். உருளைக்கிழங்குப் படத்தைக் காட்டித் தொடங்கினேன். இருமல் நின்றது, வேகமாகப் பெருகிய கிருமிகள் செத்ததால். மெதுவாகப் பெருகும் கிருமிகள் இன்னும் உள்ளே இருக்கின்றன. சாதாரண குடற் பற்றீரியா ஒன்று இருபது நிமிடத்தில் இரண்டாகும். இதுவோ இருபது மணித்தியாலம் அளவில் எடுக்கும். அவசரப்படாத எதிரியை அவசரப்பட்டு வெல்ல முடியாது. இப்போது விட்டால், தப்பிய கிருமி குளிசைக்கு மசியாத கிருமியாகத் திரும்பி வரலாம். அது முதலில் பாய்வது பேரப்பிள்ளைகளின் நெஞ்சில்தான் என்றேன்.

மாமா நீண்ட நேரம் பேசவில்லை. பின்பு உம்மா, ஸூரா அல்பகராவில் நோயாளிகள் வேறு நாட்களில் நோன்பை நோற்றுக்கொள்ள அல்லாஹ் அளித்திருக்கும் சலுகையை நினைவுபடுத்தினார். மாமா வைத்தியரிடமும் பள்ளிவாசல் மௌலவியிடமும் கேட்டார். இருவரும் ஒரே பதிலையே சொன்னார்கள். அந்த ரமழானில் மாமா காலையில் குளிசையை விழுங்கிவிட்டு, கண் கலங்க அமர்ந்திருந்ததை நான் பார்த்தேன். விடுபட்ட நோன்புகளைக் குணமான பின்னர் நோற்று முடித்தார்.

நோயை மறைத்ததும் எங்களுக்குத் தீங்காகவே முடிய இருந்தது. மறைத்ததால் வீட்டாரைப் பரிசோதிப்பது தாமதித்தது. மாமாவின் தேநீர்க் கோப்பையை வேறாக்கினார்கள். ஆனால் யன்னலைத் திறக்கவில்லை. காசநோய் கோப்பையால் பரவுவதில்லை, காற்றால் பரவுகிறது. சரியான சிகிச்சை தொடங்கி இரண்டு வாரங்கள் அளவில் பெரும்பாலானோரிடமிருந்து தொற்றும் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஈற்றில் மாமியே துணிந்து மாப்பிள்ளை வீட்டாரிடம் உண்மையைச் சொன்னார். அவர்கள், "எங்கட வாப்பாவுக்கும் வந்து சுகமானதுதான்" என்றார்கள்.

ஆறாம் மாத முடிவில் மாமாவின் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. அந்தப் போத்தல் மாமாவின் அலுமாரியில் பாதி குடித்த நிலையில் இன்னும் இருக்கிறது.

சகோதரிகளே, நம் நாட்டில் காசநோய்க்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், அது யாராக இருந்தாலும், சளியைச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது குளிசை விழுங்கிக்கொண்டிருந்தால் ஆறு மாதமும் எண்ணிக்கொண்டு அவர் பக்கத்தில் இருங்கள். செய்முறைக் கொப்பியில் நாம் வரையும் படம் பரீட்சையோடு முடிந்துவிடுவதில்லை. ஒருநாள் யாராவது, "மகள், நீங்க பயோ படிக்கிறதானே" என்று கேட்கக்கூடும். அன்று நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.